பிரெட்போர்டு பழகுவோம்: டிரம் நிரம்பினால் கத்தும் ஒரு சர்க்யூட்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் வரும். அம்மா எழுந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, டிரம் நிரம்பிவிட்டதா என்று பார்க்க நாலு தடவை மாடிப்படி ஏறி இறங்குவார். கொஞ்சம் அசந்தால் தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடிவிடும். வடசென்னையில் குடம் தூக்கி வளர்ந்த யாருக்கும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஒருநாள் கேட்டாள்: "மாமா, டிரம் ரொம்பினா சத்தம் போடுற மாதிரி நாமளே ஒண்ணு செய்ய முடியாதா?"

முடியும். ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி., ஒரு பஸ்ஸர், ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் இதுவரை தொட்டதே இல்லை என்றால் நேராக சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டாம். பற்றவைத்த பிறகு ஒரு கால் தவறான இடத்தில் இருப்பது தெரிந்தால், உருக்கி எடுப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். அதற்காகத்தான் பிரெட்போர்டு. துளையில் செருகு, வேலை செய்யவில்லையா, பிடுங்கி வேறு துளையில் செருகு. பொருளும் கெடாது, போர்டும் கெடாது. கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் எல்லோரும் "பிரெட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். ரேடியோ புதிதாக வந்த காலத்தில், வெளிநாடுகளில் வீட்டிலேயே ரேடியோ செய்து பார்த்தவர்கள், சமையலறையில் ரொட்டி வெட்டும் மரப்பலகையை எடுத்து, அதில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி கம்பி சுற்றி சர்க்யூட் கட்டினார்கள். நம் வீட்டில் நடந்திருந்தால் சப்பாத்திப் பலகை என்றே பெயர் வந்திருக்கும். இன்று நாம் பயன்படுத்தும் வெள்ளை பிளாஸ்டிக் போர்டு அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. ரொனால்ட் போர்ச்சுகல் என்பவர் ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக அதை வடிவமைத்து 1971இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மரம் போய்விட்டது, பலகையின் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

துளைக்கு அடியில் என்ன இருக்கிறது

இதுதான் மொத்த விஷயமும். இது புரியாமல் எத்தனை சர்க்யூட் படம் பார்த்துக் கட்டினாலும் குருட்டாம்போக்காகத்தான் இருக்கும். அதனால் அக்கா மகளுக்கு முதலில் சர்க்யூட் எதையும் காட்டவில்லை. துளைகள் தளர்ந்துபோன பழைய போர்டு ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்து, பின்னால் ஒட்டியிருந்த தடித்த ஸ்டிக்கரை உரித்தோம். (நல்ல போர்டில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் கழன்று வந்துவிடும்.) உள்ளே பளபளவென்று சின்னச் சின்ன உலோகப் பட்டைகள், வரிசை வரிசையாக. ஒன்றை இடுக்கியால் இழுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கால் விரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம். அதில் ஐந்து ஜோடி இதழ்கள். ஒவ்வொரு ஜோடியும் கொடியில் துணிக்குப் போடும் கிளிப் மாதிரி ஒன்றையொன்று கவ்வி நிற்கிறது. ஒரு ரெசிஸ்டரின் காலை இரண்டு இதழுக்கு நடுவே தள்ளச் சொன்னேன். உள்ளே போனதும் கிளிப் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "அஞ்சு கிளிப்பு, ஆனா ஒரே தகடு" என்றாள். அவ்வளவுதான், பிரெட்போர்டு அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஐந்து துளைகளுக்கு அடியில் ஒரே தகடு. ஆகவே அந்த ஐந்து துளைகளில் எதில் எதைச் செருகினாலும், அவை எல்லாம் ஒன்றோடொன்று ஒயர் வைத்து இணைத்ததற்குச் சமம். ஒரே குழாய் இணைப்பில் ஐந்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிப்பது போல. பக்கத்து ஐந்து துளைகளுக்கு வேறு தகடு, அதாவது வேறு குழாய். துளை பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் இணைப்பு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

போர்டை நீளவாக்கில் மேஜைமேல் வையுங்கள். பெரிய போர்டில் இடமிருந்து வலமாக 1 முதல் 63 வரை எண்கள் இருக்கும். குறுக்கே எழுத்துகள்: ஒரு பாதியில் ஏ, பி, சி, டி, ஈ, மறு பாதியில் எஃப், ஜி, எச், ஐ, ஜே. எனவே ஒவ்வொரு துளைக்கும் கதவு எண் மாதிரி ஒரு முகவரி உண்டு. ஏ-10, பி-10, சி-10, டி-10, ஈ-10 ஐந்தும் ஒரே தகடு. ஏ-10க்கும் ஏ-11க்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

ஈ வரிசைக்கும் எஃப் வரிசைக்கும் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். எங்கள் பக்கத்தில் இதை விளக்குவது சுலபம். கொருக்குப்பேட்டை ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கேட் திறக்காமல் போக முடியாது. போர்டிலும் அப்படித்தான். ஈ-10இல் இருப்பது எஃப்-10க்குப் போகாது, நீங்களாக ஒரு ஒயரைக் குறுக்கே போட்டால் ஒழிய. இந்தப் பள்ளம் ஐ.சி.க்காக, அதாவது பல பாகங்களை உள்ளே அடக்கிய சின்னக் கருப்புச் சில்லுக்காக, வைத்தது. இரண்டு பக்கமும் கால் உள்ள ஐ.சி.யைப் பள்ளத்தின் மேல் குதிரை ஏறியதுபோல் உட்கார வைத்தால், எதிரெதிர்க் கால்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனித் தகட்டில் நிற்கும். அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஐ.சி.யின் கால்களுக்கும் அதே இடைவெளி.

அப்புறம் ஓரங்களில், சிவப்புக் கோடும் நீலக் கோடும் போட்ட நீளமான வரிசைகள். இவற்றை ரெயில் என்பார்கள். இங்கே தகடு குறுக்கே ஓடாமல் நீளவாக்கில் ஓடுகிறது. சிவப்பு பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, நீலம் மைனஸுக்கு. நிறம் வெறும் அடையாளம்தான், மாற்றிக் கொடுத்தால் போர்டு தடுக்காது. ஆனால் இந்தப் பழக்கத்தை ஒருநாளும் மீறாதீர்கள். சிக்கலான சர்க்யூட்டில் தவறு தேடும்போது இந்த ஒரு ஒழுங்குதான் கைகொடுக்கும். பெரிய போர்டில் மொத்தம் 830 துளைகள் என்று கடையில் சொல்வார்கள். 63 எண்ணுக்குப் பத்துப் பத்தாக 630, நாலு ரெயிலில் ஐம்பது ஐம்பதாக 200.

ரெயிலில் ஒரு பொறி இருக்கிறது. நான் படிக்கிற காலத்தில் இதில் மாட்டி ஒரு ராத்திரியைத் தொலைத்தேன். போர்டின் இடது பாதியில் கட்டியதெல்லாம் வேலை செய்தது, வலது பாதியில் கட்டியது எதுவும் உயிர் பெறவில்லை. ஐ.சி. செத்துவிட்டது என்று நினைத்து இருந்த இரண்டையும் மாற்றிப் பார்த்தேன். காரணம், சில பெரிய போர்டுகளில் ரெயில் நட்டநடுவில் இரண்டாக வெட்டப்பட்டிருக்கும். சிவப்புக் கோடு நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தால் அதுதான் அடையாளம். என் போர்டிலும் கோடு விட்டுப்போயிருந்தது, நான் கவனிக்கவில்லை. இடைவெளிக்கு மேல் சின்ன ஒயர் ஒன்றைப் பாலமாகப் போட்டால் தீர்ந்தது. புது போர்டு வாங்கினால் முதல் வேலையாக இதைப் பார்த்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

நமக்கு மவுன்ட் ரோட்டை ஒட்டிய எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருதான். தண்டையார்பேட்டையிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், மற்ற நாளில் போங்கள். பெரிய பிரெட்போர்டு நூறு ரூபாயை ஒட்டி இருக்கும். ரெசிஸ்டரில் 470 ஓம், 10 கே, 100 கே ஆகிய மூன்றிலும் பத்துப் பத்து (ஓம் என்பது தடையின் அளவு, கே என்றால் ஆயிரம் ஓம்). சிவப்பு எல்.இ.டி. ஐந்தாறு. பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஐந்து, ஏனென்றால் ஒன்றிரண்டு கருகும், அதற்காக இன்னொரு முறை மவுன்ட் ரோடு போக வேண்டாம். பஸ்ஸர் கேட்கும்போது 'ஆக்டிவ்' பஸ்ஸர் என்று சொல்லுங்கள். மின்சாரம் கொடுத்தவுடன் தானே கத்துவது அதுதான். மற்ற வகை 'டிக்' என்று ஒருமுறை சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். 9 வோல்ட் பேட்டரியும் அதன் தலையில் மாட்டும் ஒயர் கிளிப்பும் வேண்டும்.

ஒயர் விஷயத்தில் கறாராக இருங்கள். உள்ளே பல நூலிழைகள் உள்ள ஒயர் துளைக்குள் போகாது, போனாலும் இழை பிரிந்து பக்கத்துத் துளையைத் தொடும். ஒற்றைக் கம்பி உள்ள 22 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) ஒயர், அல்லது இரண்டு முனையிலும் ஊசி வைத்து விற்கும் ஜம்பர் ஒயர். பேட்டரி கிளிப்பின் ஒயர் பெரும்பாலும் நூலிழை வகையாகவே வரும். நுனியை முறுக்கி ஈயம் ஏற்றித் தரச் சொன்னால் கடைக்காரரே செய்து கொடுப்பார்.

மல்டிமீட்டர் ஒன்று, விலை குறைந்ததே போதும், கண்டிப்பாக வாங்குங்கள். அதில் இரண்டு முனையும் ஒட்டினால் 'பீப்' என்று கத்தும் ஒரு நிலை இருக்கும். போர்டு கையில் வந்ததும் மீட்டரை அதில் வைத்து, இரண்டு துளைகளில் துண்டு ஒயர் செருகித் தொட்டுப் பாருங்கள். ஏ-10க்கும் ஈ-10க்கும் பீப். ஏ-10க்கும் ஏ-11க்கும் அமைதி. ரெயிலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும்? உங்கள் போர்டு எந்த வகை என்று அதுவே சொல்லிவிடும். நான் எழுதியிருப்பதை நம்புவதைவிட உங்கள் காதால் கேட்பது மேல்.

முதல் வெளிச்சம்

எல்.இ.டி.க்கு இரண்டு கால். நீளமான கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். காலை வெட்டிவிட்டால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். திருப்பிப் போட்டால் எரியாது.

எல்.இ.டி.யை நேராக 9 வோல்ட் பேட்டரியில் வைத்தால் ஒரு நொடி பிரகாசித்துவிட்டுச் செத்துப்போகும். வருகிற மின்சாரத்துக்கு அளவு போட அதற்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்வது ரெசிஸ்டர். எவ்வளவு ரெசிஸ்டர் என்பதற்குக் கணக்கு சின்னதுதான். சிவப்பு எல்.இ.டி. எரியும்போது சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 9இல் 2 போக மீதி 7 வோல்ட். சாதாரண எல்.இ.டி. வழியாக ஓடும் மின்சாரம் 20 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 7 வோல்ட்டை 470 ஓமால் வகுத்தால் சுமார் 15 மில்லிஆம்பியர். சரி, போதுமான வெளிச்சம், ஆபத்தும் இல்லை. ஓம் விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒட்டவே இல்லை. ஒரு எல்.இ.டி.யைக் காப்பாற்றுகிற கணக்கு அது என்று தெரிந்த பிறகு மறக்கவே இல்லை.

470 ஓம் ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, பழுப்பு, கடைசியில் தங்க நிறம் இருக்கும். மஞ்சள் 4, ஊதா 7, பழுப்பு என்றால் ஒரு சுழி. 10 கே என்றால் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. நிறம் சந்தேகமாக இருந்தால் மீட்டரில் அளந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பும் என் கண்ணுக்கே ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

இப்போது கட்டலாம். பேட்டரியை இன்னும் இணைக்க வேண்டாம். ரெசிஸ்டரின் ஒரு கால் சிவப்பு ரெயிலில், மறு கால் ஏ-10இல். எல்.இ.டி.யின் நீளக் கால் சி-10இல், குட்டைக் கால் சி-11இல். ஏ-11இலிருந்து ஒரு ஒயர் நீல ரெயிலுக்கு. இனி ஒருமுறை விரலால் வழி நடந்து பாருங்கள். பேட்டரியின் பிளஸ்ஸில் கிளம்பி சிவப்பு ரெயில், ரெசிஸ்டர் வழியாக 10ஆம் தகடு, அங்கிருந்து எல்.இ.டி.க்குள் நுழைந்து 11ஆம் தகட்டில் இறங்கி, ஒயரைப் பிடித்து நீல ரெயில், மைனஸ். விரல் எங்கும் தூக்காமல் வீடு வந்து சேர்ந்தால் சர்க்யூட் முழுமை. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே மின்சாரமும் நிற்கும். பேட்டரியை இணையுங்கள்.

அவள் இணைத்தபோது எரியவில்லை. "மாமா, எரியவே மாட்டேங்குது" என்று பேட்டரியைப் பிடுங்கப் போனாள். பிடுங்கட்டும், நல்ல பழக்கம்தான். எதையும் மாற்றுமுன் பேட்டரி கழன்றிருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து கட்டாதே என்றேன். புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். கலைத்துவிட்டால் தவறு எது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். பேட்டரியை மறுபடி மாட்டி, மீட்டரை வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை நீல ரெயிலில் நிறுத்திக்கொண்டு சிவப்பு முனையை மட்டும் நகர்த்தச் சொன்னேன். சிவப்பு ரெயிலில் 9. ரெசிஸ்டர் தாண்டி 10ஆம் தகட்டிலும் 9. அங்கே ஏறக்குறைய 2 அல்லவா இருக்க வேண்டும்? 9 இருக்கிறது என்றால் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் ஓடவே இல்லை. 11ஆம் தகட்டில் சுழி. ஆக, தடை எல்.இ.டி.யில்தான். குனிந்து பார்த்தாள். குட்டைக் காலைப் பாதிதான் அழுத்தியிருந்தாள், கிளிப்பைத் தொடவே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினாள், எரிந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவள் கற்றுக்கொண்டது, முதல் தடவையே எரிந்திருந்தால் கிடைத்திருக்காது.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு இது. ரெசிஸ்டரின் இரண்டு காலையும் ஒரே எண்ணில், ஏ-10இலும் ஈ-10இலும் செருகிவிடுவது. பார்க்க அழகாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் அடியில் தகடு ஒன்றுதான். மின்சாரம் ரெசிஸ்டரைச் சட்டையே செய்யாமல் தகட்டில் போய்விடும், எல்.இ.டி. கருகும்.

தண்ணீரை ஸ்விட்ச் ஆக்குவது

இனி டிரம்முக்கு வருவோம். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது தெரிந்ததுதான், ஆனால் எல்.இ.டி.யை எரிக்கும் அளவுக்குக் கடத்தாது. இரண்டு ஒயர் நுனியைக் குழாய்த் தண்ணீரில் விட்டால் நடுவே போகும் மின்சாரம் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிட வேண்டும். டிரான்சிஸ்டர் செய்வது அதைத்தான். அதற்கு மூன்று கால்: கலெக்டர், பேஸ், எமிட்டர். பேஸுக்குள் துளி மின்சாரம் போனால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஓட வழி திறக்கும். தெருக்குழாயின் திருகை ஒரு சின்னப் பிள்ளை திருப்பினாலும் தண்ணீர் பாய்வது பிள்ளையின் பலத்தால் இல்லையே, குழாயில் இருக்கும் அழுத்தத்தால்தானே. இங்கே அந்த அழுத்தம் பேட்டரி.

பி.சி. 547இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். போர்டின் ஏ வரிசை உங்கள் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்து, டி-20, டி-21, டி-22இல் முறையே செருகுங்கள். கால்கள் நெருக்கமாக இருந்தால் மெதுவாக விரித்துக்கொள்ளுங்கள். போர்டைத் திருப்பியதில் எண்கள் வலமிருந்து இடமாக ஓடினாலும் கவலை வேண்டாம்: 21இல் எப்போதும் பேஸ்தான் நிற்கும், கலெக்டர் 20இலும் எமிட்டர் 22இலும் விழும்படி டிரான்சிஸ்டரை மட்டும் திருப்பினால் சரி.

ஏ-22இலிருந்து நீல ரெயிலுக்கு ஒரு ஒயர். எல்.இ.டி.யின் குட்டைக் கால் பி-20இல், நீளக் கால் பி-19இல். ஏ-19இலிருந்து சிவப்பு ரெயிலுக்கு 470 ஓம். 10 கே ரெசிஸ்டரின் ஒரு கால் ஏ-21இல், மறு கால் ஏ-26இல். இந்த 10 கே ஒரு காவல்காரர்: இரண்டு நுனியும் தப்பித்தவறி ஒட்டிக்கொண்டாலும் பேஸுக்குள் வெள்ளமாகப் பாயாமல் பார்த்துக்கொள்ளும். கடைசியாக இரண்டு நீள ஒயர்கள். ஒன்று பி-26இலிருந்து, இன்னொன்று சிவப்பு ரெயிலிலிருந்து. இவற்றின் நுனிகள்தான் நம் ஸ்விட்ச்.

பேட்டரியை மாட்டி, இரண்டு நுனியையும் ஒட்டினால் எல்.இ.டி. பளிச்சென்று எரிய வேண்டும். பிரித்தால் அணைய வேண்டும். பிறகு நுனிகளை இரண்டு விரலால் பிடிக்கச் சொல்லுங்கள், 9 வோல்ட்டில் பயம் இல்லை. உலர்ந்த விரலில் மங்கலாக எரியும் அல்லது எரியாது. விரலை நனைத்துவிட்டுப் பிடித்தால் வெளிச்சம் கூடும். எங்கள் மாடியில் அன்று தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைகோத்து ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபோதும் எரிந்தது. அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

ஒரு டம்ளரில் கேன் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் அடிபம்புத் தண்ணீர் வைத்தோம். கேன் தண்ணீரில் எல்.இ.டி. தயங்கித் தயங்கி மங்கலாக எரிந்தது. அடிபம்புத் தண்ணீரில் முழு வெளிச்சம். கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினாள், அதுவும் பளிச். தண்ணீரில் கரைந்த உப்புதான் மின்சாரத்தைச் சுமக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது என்று பாட்டிமார் நாக்கால் கண்டுபிடித்ததை ஒரு எல்.இ.டி. வெளிச்சத்தால் காட்டியது.

சத்தம் வேண்டுமானால் எல்.இ.டி.யையும் 470 ஓமையும் எடுத்துவிட்டு, பஸ்ஸரின் பிளஸ்ஸை சிவப்பு ரெயிலிலும் மைனஸை ஏ-20இலும் செருகுங்கள். 3 முதல் 24 வோல்ட் வரை என்று விற்கும் சின்ன பஸ்ஸர் இதற்குச் சரியாக இருக்கும். ஒயர் நுனிகளை ஒரு சென்டிமீட்டர் உரித்து, ஒன்றையொன்று தொடாமல் டிரம்மின் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே தொங்கவிடுங்கள். தண்ணீர் அங்கே வந்ததும் கத்தும்.

நாள்கணக்கில் தண்ணீரிலேயே விட்டால் பிளஸ் பக்கத்துச் செம்பு நுனி பச்சை பிடித்து அரிக்கும். மின்சாரம் தண்ணீர் வழியே ஒரே திசையில் ஓடுவதால் வரும் விளைவு. நிரம்பும்போது மட்டும் தொடுகிற மாதிரி வைத்து, நுனிகளில் எவர்சில்வர் திருகாணி கட்டிவிட்டால் வெகுநாள் வரும்.

போர்டில் செய்யக் கூடாதவை

வீட்டு 230 வோல்ட்டை இந்தப் போர்டுக்கு அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஆசை அடுத்து கட்டாயம் வரும், எல்லோருக்கும் வருகிறது. அதற்கு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), முறையான பெட்டி, தெரிந்த எலக்ட்ரீஷியன் வேண்டும். பிரெட்போர்டின் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக், கைக்கு அடக்கமான வோல்ட்டுக்குச் செய்தது. பெரிய மோட்டார்களின் மின்சாரத்தையும் இந்தக் கிளிப்புகள் தாங்காது, சூடேறிப் பிளாஸ்டிக் இளகிவிடும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கடற்காற்றில் கேட் துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ரெசிஸ்டர் காலும் அப்படியே மங்கும். மங்கிய காலைச் செருகினால் இணைப்பு விட்டு விட்டு வரும், போர்டைத் தட்டினால் எரியும், விட்டால் அணையும். காலை மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டுச் செருகுங்கள். போர்டை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

அதனால்தான் டிரம்மோடு நிரந்தரமாக இருக்கப்போகும் சர்க்யூட்டை போர்டில் விடக் கூடாது. ஒரு மாதம் போர்டிலேயே ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு ஜீரோ பி.சி.பி.யில் (பற்றவைப்பதற்கென்றே துளை போட்ட வெற்றுப் பலகை) சால்டர் செய்து பழைய சோப்பு டப்பாவில் அடைத்தோம். அம்மா இப்போது அந்தச் சத்தம் கேட்டு மோட்டாரை நிறுத்துகிறார்.

காலியான போர்டில் என்ன செய்வது என்று அவள் கேட்டபோது, அதே வகை டிரான்சிஸ்டர் இன்னொன்றை, ஏ-22 ஒயரோடு பழைய இடத்திலேயே செருகி, இரவு விளக்கு கட்டச் சொன்னேன். தண்ணீர் ஒயர்களும் 10 கே-யும் வேண்டாம். சிவப்பு ரெயிலிலிருந்து ஏ-21க்கு 100 கே. பி-21இலிருந்து நீல ரெயிலுக்கு ஒரு எல்.டி.ஆர்., அதாவது வெளிச்சம் பட்டால் தடை குறைகிற ரெசிஸ்டர். எல்.இ.டி.யும் 470 ஓமும் பழைய இடத்துக்கே திரும்பட்டும். பகலில் ஜன்னலோரம் வைத்தால் பேஸுக்கு வரவேண்டிய துளி மின்சாரத்தை எல்.டி.ஆர். நீல ரெயிலுக்கு இறக்கிவிடும், விளக்கு எரியாது. உள்ளங்கையால் மூடினால் எரியும். அறை வெளிச்சத்திலேயே லேசாக எரிந்துகொண்டிருந்தால் 100 கே-க்குப் பதில் 220 கே போட்டுப் பாருங்கள். பஸ்ஸரை முன்பு வைத்த ஏ-20இல் இப்போது எதுவும் இல்லை என்பதை மட்டும் பேட்டரி மாட்டுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.